சீதை வராத இராமாயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு திரைப்படக் கழகத்தில் ஞாயிறு பின்னேரம் ‘காஞ்சன சீதா’ என்ற மலையாளப் படம் போட்டார்கள். பெயர்பெற்ற மேடை நாடகம் ஒன்றின் தழுவல் என்று அறிமுகத்தில் சொன்னதால் நல்ல வசனம் கேட்கலாம் என்று போய் இருந்தேன். ஆட்கள் வாய் திறப்பதே அருமை. இராமனுக்கு முடியும் இல்லை, அரண்மனையும் இல்லை. சீதை கடைசிவரை வரவேயில்லை. பக்கத்துக் கதிரைக்காரர் குறட்டை விட்டார். நாடகத்தின் பெயரை வைத்துக்கொண்டு நாடகத்தையே தூக்கி எறிவது ஏமாற்று வேலை இல்லையா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, குறட்டைக்குப் படத்தின் நெறியாளர் அரவிந்தன் பொறுப்பில்லை. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டைப் படம் போட்டாலும் நித்திரை வரும். மிச்சக் கேள்விக்கு வருவோம்.

நாடகத்தை எழுதியவர் சி. என். ஸ்ரீகண்டன் நாயர். வாதாடுகிற நாடகம் அது. தர்மம் பெரிதா, அன்பு பெரிதா, அரசனுக்கு மனைவி உண்டா என்று பாத்திரங்கள் ஆளையாள் விடாமல் கேட்கிறார்கள். அசுவமேத யாகத்துக்கு அரசனின் பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும். மனைவியை இராமன் காட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆகவே பொன்னில் ஒரு சீதை செய்து பக்கத்தில் வைக்கிறான். அந்தப் பொற்சிலைதான் தலைப்பு.

1977 இல் இதைப் படமாக்கிய அரவிந்தன் வாதத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டார். ஆந்திரத்துக் காட்டுப் பகுதிக்குப் போனார். தங்களை இராமன் வழிவந்தவர்கள் என்று சொல்லும் இராம செஞ்சு பழங்குடி மக்களையே இராமனாகவும் இலட்சுமணனாகவும் நிறுத்தினார். நீங்கள் தேடிய முடியும் பீதாம்பரமும் காணாமற்போன காரணம் அதுதான். சீதையை ஒரு நடிகையிடம் கொடுக்காமல் காற்றிடமும் இலையிடமும் ஆற்றிடமும் கொடுத்தார். இராமன் நடந்துகொண்டிருப்பான், மரம் அசையும், அவன் நிற்பான். அவ்வளவுதான் அந்தக் கணவன் மனைவி சந்திப்பு. கடைசியில் இராமன் ஆற்றுக்குள் இறங்கிப் போகிறான். சரயு என்று நாங்கள் படித்த இடம் அது. படத்தில் அவன் போவது சீதையிடம்.

இப்போது நாடகத்தின் தலைப்பைத் திரும்பப் பாருங்கள். சீதை இருக்க வேண்டிய இடத்தில் எதை வைப்பது என்பதுதான் அதன் கேள்வி. இராமன் பொன்னை வைத்தான். அரவிந்தன் காற்றை வைத்தார். நாடகத்தை எறிந்துவிட்டவர் அதன் கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. வசனத்தை வரிக்கு வரி ஒப்புவித்து, அழகான நடிகை ஒருத்தியைக் கண்ணீரோடு நிறுத்தியிருந்தால், அவரும் இன்னொரு பொற்சிலைதான் செய்திருப்பார்.

நான் வானொலி நாடகத்தில் வளர்ந்த ஆள். எங்களுக்குச் சொல்தான் சோறு. மௌனம் கொஞ்சம் நீண்டால் கட்டுப்பாட்டறையில் இருப்பவர் கண்ணாடியைத் தட்டுவார். அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது எனக்கும் முதல் அரை மணித்தியாலம் யாராவது எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்றுதான் இருந்தது. பிறகு காற்றின் ஒலி எங்கே கூடுகிறது, எங்கே அடங்குகிறது என்று காது தானாகவே கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஷாஜி என். கருணின் ஒளிப்பதிவைப் புகழாதவர் இல்லை. நான் அந்தப் படத்துக்குக் காதால்தான் கடன்பட்டிருக்கிறேன்.

குறை இல்லையா? இருக்கிறது. உத்தரகாண்டம் தெரியாத ஒருவருக்கு அந்தப் படம் காடும் ஆறும் மட்டும்தான். யார் எவர் என்று அது சொல்லித் தராது. புராணம் ஊரறிந்தது என்ற துணிச்சலில் எடுத்த படம். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் செல்லுமோ தெரியாது. அந்த ஆண்டுக்கான சிறந்த நெறியாளர் என்ற இந்திய தேசிய விருது அரவிந்தனுக்குக் கிடைத்தது. காசு போட்டவர் கொல்லத்துக் கஜு வியாபாரி ரவீந்திரநாதன் நாயர். கொழும்பில் அப்படி ஒரு வியாபாரி இருந்திருந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு படத்துக்குப் போனால் நாடகத்தில் எது மிச்சம் இருக்கிறது என்று தேடாதீர்கள். எதை எடுத்தார்கள், எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள் என்று பாருங்கள். ஒன்றும் வைக்கவில்லை என்றால் கழகத்திடம் தாராளமாகக் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: வசனத்தை வைத்துக்கொண்டே சோதனைப் படம் எடுத்தவர்கள் இல்லையா அன்ரி? பேசாமல் இருந்தால்தான் கலைப்படமா?
– பல்கலைக்கழக மாணவி, தெஹிவளை

பதில்: நல்லாய்க் கேட்டீர்கள் மகள். இரண்டு பேரைச் சொல்கிறேன், இரண்டும் எதிரெதிர்.

மோகன் ராகேஷ் 1958 இல் எழுதிய இந்தி நாடகம் ‘ஆஷாட் கா ஏக் தின்’. காளிதாசன் கதை. மூன்று அங்கமும் மலைக்கிராமத்தில் மல்லிகா என்ற பெண்ணின் வீட்டுக்குள் நடக்கின்றன. அவன் அவளை விட்டு உஜ்ஜயினிக்குப் போகிறான், அரசவைக் கவியாகிறான், வேறு கலியாணம் செய்கிறான், எல்லாம் இழந்து திரும்பி வருகிறான். அவன் ஒரு நாள் பெருங்காவியம் எழுதுவான் என்று அவள் வெறுந்தாள்களைத் தைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில்தான் ஏற்கெனவே காவியம் எழுதியிருக்கிறதே என்கிறான். அதைச் சொல்லிவிட்டு என்ன செய்கிறான்? உள்ளே மல்லிகாவின் குழந்தை அழ, மறுபடி புறப்பட்டுப் போகிறான். கவிஞர்களை நம்பாதே என்று என் அம்மா சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மேடையில் இதை நெஞ்சில் அடித்துக்கொண்டு நடிக்கலாம். 1971 இல் மணி கௌல் படமாக்கியபோது வசனத்தை வைத்துக்கொண்டு நடிப்பை வடித்துவிட்டார். ஆட்கள் ஆளையாள் பாராமல், குரலை ஏற்றாமல் இறக்காமல், தாளில் எழுதியதை மனதுக்குள் வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். கே. கே. மகாஜனின் கமரா வாசலையும் மூடுபனியையும் ஒரு கையையும் காட்டுகிறது. இந்தி தெரியாத எனக்கு சப்டைட்டில் ஒரு பக்கம், அந்த ஒரே சுருதிக் குரல் ஒரு பக்கம். சிரமம்தான். ஆனால் அந்த வெறுந்தாள் கட்டு வரும் இடத்தில், யாரும் அழாததால் எனக்குத் தொண்டை அடைத்தது.

மற்றவர் பீட்டர் கிரீனவே. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை 1991 இல் ‘ப்ரொஸ்பரோஸ் புக்ஸ்’ ஆக்கினார். நாடகத்தில், தீவில் மந்திரம் செய்து வாழும் நாயகன் ப்ரொஸ்பரோவின் புத்தகங்களைப் பற்றி ஓரிரு இடத்தில்தான் பேச்சு வரும். இவர் அவற்றை 24 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றையும் கணினி வரைகலையால் திரைமேல் திரையாக விரிக்கிறார். அதோடு நூறு அம்மண உடம்புகளின் ஊர்வலம். சாதாரணப் பார்வையாளர் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போவார், நானும் அலுத்தேன். படத்தைக் காப்பாற்றுவது ப்ரொஸ்பரோவாக நடிக்கும் ஆங்கில மேடை நடிகர் ஜோன் கீல்குட்டின் குரல். அப்போது அவருக்கு 87 வயது. 1930 இலிருந்து மேடையில் பல தடவை ப்ரொஸ்பரோவாக வந்தவர், அதைப் படமாக்க வேண்டும் என்று பல காலம் அலைந்தவர். இந்தப் படத்தில் அநேகமாக எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே குரல் கொடுக்கிறார். மகளும் அவர் குரலில், எதிரிகளும் அவர் குரலில். நாடகத்தை எழுதிக்கொண்டிருப்பவரே ப்ரொஸ்பரோ என்று ஆகிறது. கடைசிப் பகுதியில் அவர் பகைவரை மன்னிக்கும்போதுதான் மற்றவர்களுக்குச் சொந்தக் குரல் வருகிறது. மன்னிப்பு என்றால் என்ன என்பதை ஒலிப்பதிவால் சொன்ன நெறியாளரை, அந்த ஊர்வலங்களுக்காக நான் மன்னித்துவிட்டேன்.

கேள்வி: கொடார் எடுத்த ‘கிங் லியர்’ பார்த்தேன். லியர் எங்கே?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: தயாரிப்பாளரும் அதைத்தான் கேட்டார். 1985 கான் விழாவில் உணவகத்து மேசைத் துண்டில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்த படம் அது. தாமதமாகிறதே என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் குறைப்பட்டதைக் கொடார் பதிவு செய்து, அதையே படத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டார். ஷேக்ஸ்பியரின் வாரிசு ஒருவர், செர்னோபில் அணு விபத்துக்குப் பின்னான உலகத்தில், தொலைந்துபோன நாடகங்களைத் திரும்பத் தேடித் திரிகிறார். ஆகவே உங்களைப்போல படமும் லியரைத் தேடுகிறது. எனக்கு மிஞ்சியது கடற்பறவைகள் வசனத்தின்மேல் கத்திக்கொண்டிருக்கும் ஒலிதான்.

கேள்வி: உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கிரேக்க நாடகம் வரும்போது ‘மெடியா’ படங்களைக் காட்டலாமா என்று யோசனை. லார்ஸ் வொன் ட்ரையர் எடுத்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மனம் சரியில்லை.
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: ரீச்சர், மனம் சரியில்லாமல் போனதுதான் சரி.

யூரிப்பிடீஸ் கி.மு. 431 இல் நாடகத்தை மேடையேற்றியபோது, கைவிட்ட கணவனைப் பழிவாங்க மெடியா தன் பிள்ளைகளைக் கொல்வது சபையோரின் கண்ணுக்குத் தெரியாது. தாய் வீட்டுக்குள் போகிறாள், உள்ளிருந்து பிள்ளைகளின் அலறல், வெளியில் கோரஸ் என்ற பாடற்குழு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. கிரேக்கர்கள் முழு வானொலிக்காரர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கண்ணால் காணாததைக் காது பெருப்பித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ட்ரையர் 1988 இல் டென்மார்க் தொலைக்காட்சிக்கு எடுத்தார். டென்மார்க்கின் பழைய நெறியாளர் கார்ல் டிரையர் எழுதி, படமாக்காமலே விட்டுப்போன பிரதி. வொன் ட்ரையர் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். வெட்டவெளியில் தனி மரம். தாய் தன் பிள்ளைகளைத் தூக்கிலிடுகிறாள். மூத்தவன், நடப்பது இன்னதென்று விளங்கியவனாய், தாய்க்கு உதவி செய்கிறான். சத்தமில்லை. படம் முழுக்கக் கரைந்து மங்கிய வீடியோ நிறம். மேடை மறைத்ததைக் காட்டுகிறபோது ஒலியை எடுத்துவிட்டார் என்பதைக் கவனித்தீர்களா? அங்கே கணக்குத் தெரிந்த கை இருக்கிறது. எனக்கு அந்தப் படம் பிடிக்காது, ஆனால் அது கைதேர்ந்த வேலை.

பசோலினியின் 1969 ‘மெடியா’ வேறு. உலகமே கேட்கத் தவம் கிடந்த பாடகி மரியா கலாஸைக் கூட்டிவந்து, ஒரு வரிகூடப் பாட விடாமல் நடிக்க வைத்தார். அதுவே ஒரு பெரிய ‘எடுத்தல்’. அதில் தாய் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துடைத்து, மடியில் வைக்கிறாள். கத்தியை ஒருமுறை காண்கிறோம். கொலையைக் காண்பதில்லை.

வகுப்புக்கு ட்ரையர் வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளைகளில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாத நாடு இது. பசோலினியின் அந்தக் குளிப்பாட்டும் பகுதியை மட்டும் காட்டுங்கள். அதற்கு முதல், விளக்கை அணைத்துவிட்டு, யூரிப்பிடீஸின் அந்தக் காட்சியை இரண்டு மாணவரைக் கதவுக்கு வெளியில் நிறுத்திப் பேச வையுங்கள். பிறகு படத்தைப் பற்றிக் கதைக்க நீங்கள் ஒன்றும் தூண்ட வேண்டியிராது.

கேள்வி: தமிழில் ஏன் இப்படி ஒன்றும் வரவில்லை?
– வாசகர், கிருலப்பனை

பதில்: தமிழ்ப் படத்தைப் பெற்றெடுத்ததே மேடைதான், அதுதான் காரணம். ‘வேலைக்காரி’ (1949), ‘ரத்தக்கண்ணீர்’ (1954), ‘மேஜர் சந்திரகாந்த்’ (1966) எல்லாம் மேடையில் கைதட்டு வாங்கிய பிறகு திரைக்கு வந்தவை. கைதட்டு வாங்கிய வசனத்தைக் குறைக்க எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? எம். ஆர். ராதாவின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை வைத்தால் கொட்டகையில் கதிரை உடையும். உடைய வேண்டியதும்தான், அந்தக் குரல் அப்படி.

இலங்கையில், ‘காஞ்சன சீதா’ வந்த அதே 1977 இல், தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ எடுத்தார். திரைக்கதை காவலூர் இராசதுரை. நாடகத் தழுவல் இல்லை, ஆனாலும் ஆட்களைக் கத்த விடாமல் வீதியையும் முற்றத்தையும் பேச விட்ட தமிழ்ப் படம். ஓடவில்லை. வசனம் எங்கே என்று வெள்ளவத்தை ஐயா கேட்ட அதே கேள்வியைத்தான் அன்றைக்கும் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: அக்கா, அப்பப்பாவின் ஊர் மட்டக்களப்புப் பக்கம். அங்கே ஆடும் வடமோடிக் கூத்து ஒன்றை ஃபோனில் படமாக்க ஆசை. வெறும் பதிவாக இல்லாமல், நீங்கள் சொல்கிற மாதிரியான படமாக. கூட்டாளிமார் கூத்தைக் கெடுக்காதே என்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, முதலில் பதிவையும் செய். விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு கமராவை அசையாமல் வைத்து முழுதாக எடுத்துவை. அது உன் படம் இல்லை, ஊரின் சொத்து. பத்து வருடத்தில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் இல்லாமற் போனால் அதன் அருமை தெரியும்.

படம் வேறு வேலை. கெடுக்காதே என்கிற கூட்டாளிமாருக்கு இதைச் சொல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என்று பேராதனையில் போட்டபோது விடியும்வரை ஆடுவதைச் சுருக்கினார், நாலு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரியை, ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முதல் 1956 இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர ‘மனமே’யை லயனல் வென்ட் அரங்கில் போட்டதும், நாடகம என்ற பழைய சிங்களக் கூத்து வடிவத்தை உருக்கித்தான். உருக்கியவர்கள் உலோகத்தை அறிந்தவர்கள், அவ்வளவுதான் நிபந்தனை.

இனி வேலைக்கு வா. படச்சட்ட மேடைக்கு முன்னால் நிற்பதுபோல நின்று எடுக்காதே. வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டும் நிற்கும், கூத்தர் சுற்றி ஆடுவார்கள். சனம் ஒருநாளும் நிற்காத இடம் அந்த நடு. அண்ணாவியாரிடம் கேட்டு, பகலில், சனம் இல்லாமல், அவர் பக்கத்தில் நின்று எடு. வரவு ஆட்டத்தில் கூத்தர் உன்னைச் சுற்றி வரட்டும், நீயும் அவரோடு திரும்பு. வெட்டாதே. ஹங்கேரிக்காரர் மிக்லோஷ் யாஞ்சோ 1974 இல் எலெக்ட்ரா கதையை இப்படித்தான் செய்தார். பழைய கிரேக்கக் கதை, அதை வைத்து அவர் நாட்டவர் எழுதிய மேடை நாடகம், அதிலிருந்து படம். மேடையும் சுவரும் இல்லாத புல்வெளி, நூற்றுக்கணக்கில் ஆடுகிறவர்கள், குதிரைகள், அவர்களுக்குள் புகுந்து வளைந்து திரியும் கமரா. 70 நிமிடப் படத்தில் மொத்தம் 12 ஷொட். கொலை, பழிவாங்கல், புரட்சி எல்லாம் அந்தச் சுழற்சிக்குள் வந்து போகும். பார்த்துவிட்டு வா, எங்கள் களரி ஞாபகம் வராவிட்டால் எனக்கு எழுது.

ஒலியில்தான் நீ மாட்டுவாய். ஃபோன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மத்தள அடி விழுந்த உடனே பாட்டு அமுங்கிப்போகும். ஒலியை வேறு கருவியில் எடு. முடிந்தால் இன்னொன்றை நிலத்தோடு வை, சலங்கையும் காலும் தனியாகக் கிடைக்கும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தொட்டுப் பூட்டிவிடு, இல்லாவிட்டால் மினுங்கும் உடுப்பு திரும்பும்போதெல்லாம் படம் கறுத்து வெளுக்கும். பாட்டின் வரிகளை மட்டும் குறைக்க நினைத்தால் அண்ணாவியாரோடு இருந்து குறை. எந்த விருத்தத்தை விட்டால் கதை நிற்கும், எதை விட்டால் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: உங்கள் கையில் காசும் கமராவும் தந்தால் எங்கள் நாடகம் எதை எடுப்பீர்கள்? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?
– வாசகி, கல்கிசை

பதில்: ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘புதியதொரு வீடு’. சட்டென்று வருகிற பதில், மாற்ற மாட்டேன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. செத்தான் என்று முடிவாகி, தம்பி அவன் மனைவியைக் கட்டுகிறான். ஒருநாள் அவன் வந்து நிற்கிறான். பா நாடகம், வரிகள் பேச்சுப்போலவே இருக்கும், உள்ளே சந்தம் ஓடும். அந்த வரிகளை நான் தொடமாட்டேன், ஆனால் நடிகர்களின் வாயில் வைக்கமாட்டேன். ஒரே குரல் எல்லாவற்றையும் சொல்லட்டும், படத்தில் வலை பொத்தட்டும், அடுப்பு எரியட்டும். படத்துக்கும் குரலுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விடுவது கொழும்புக்குப் புதிதும் இல்லை. 1934 இல் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற இலங்கை ஆவணப்படத்துக்குக் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் வாசித்தது, கண்டியில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் வரிகளை. இருநூற்றைம்பது வருடப் பழைய எழுத்தை அன்றைய சனத்தின்மேல் ஓடவிட்டார்கள். இன்றைக்கும் கேட்கச் சிலிர்க்கும்.

அனுமதி விஷயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டும் உரிமை இருக்கும். மஹாகவி காலமானது 1971. ஆகவே 2041 முடியும்வரை அவர் குடும்பத்திடம் கேட்டே ஆகவேண்டும். வாய்ச் சம்மதம் போதாது, எழுத்தில் வாங்குங்கள், எத்தனை நிமிடப் படம், எங்கே காட்டுவது, வரிகளைக் குறைக்கலாமா என்று அதில் வரட்டும். கிரேக்க நாடகம் என்றால் மூலத்துக்கு யாரும் உரிமை கேட்கமாட்டார்கள், ஆனால் உங்கள் கையில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை வேறு. சோபோக்கிளீஸ் வழக்குப் போடமாட்டார், மொழிபெயர்த்தவரின் பேரப்பிள்ளை போடுவார்.